இன்னொரு கரண்டி

கடைசிப் பனிக்கட்டியையும் வைத்துக் குழியின் வாயை அடைத்தாயிற்று. வெளியிலிருந்து யாரோ மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சமப்படுத்துகிறார்கள், அந்தத் தட்டு ஒவ்வொன்றும் உலகம்மையின் மண்டையில் விழுகிறது. தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, உயிரோட வச்சுப் பூசுங்க என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே இருட்டாக இருக்கும் என்று பயந்திருந்தாள். இருட்டு இல்லை. பனியைத் துளைத்துக்கொண்டு ஒரு நீலம் வருகிறது, சொட்டு நீலம் கலந்த வாளிக்குள் தலையை விட்ட மாதிரி. முதுகுக்கடியில் ரப்பர் பாய். காலை நீட்ட இடமில்லை, முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடக்க வேண்டியதுதான். நெஞ்சில் வார் போட்டுக் கட்டிய சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று, நான் இங்கன கெடக்கேன், நான் இங்கன கெடக்கேன் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மேலே தேடுகிறவர்கள் தங்கள் பெட்டியைக் கேட்கிற பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் இது சொல்வது அதற்குக் கேட்கும், அம்புக்குறி போட்டு ஆளிருக்கிற பக்கம் காட்டும். வலது கையில் வாக்கிடாக்கி. பயம் வந்தால் பொத்தானை அமுக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் திறந்துவிடுவார்கள். பயிற்சி கொடுக்கிற நேகி அப்படித்தான் சொன்னாள். மணாலிக்கு மேலே, தென்காசியிலிருந்து வந்த நடைக்குழுவுக்கு, பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடி எடுக்கக் கற்றுக்கொடுக்கிறவள். அவளுக்கு இந்தி, இவர்களுக்குத் தமிழ், நடுவில் நின்று மாற்றிச் சொல்வது உலகம்மையின் மகள் சுருதி. காலேஜில் படித்த இந்தி இதற்காவது உதவியதே. என்ன வார்த்தை சொல்லலாம் என்று நேகி கேட்டபோது சுருதிதான் "வேணாம்னு சொல்லட்டும், அவங்களுக்கு வாயில வாரது அதுதான்" என்றாள். நேகி ரெண்டு மூணு தரம் "வேணா, வேணா" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். உடனே ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏ, அந்த வார்த்தையா? எங்க ஊர்ல அதுக்கு இன்னொரு கரண்டின்னுல்லா அர்த்தம்!" குழுவே சிரித்தது. போட்டோ ஸ்டூடியோ பால்துரை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சுருதியும் சிரித்தாள். உலகம்மை சிரிக்கவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆவுடையப்பன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தென்காசி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் ஆவுடையப்பன்தான். தேங்காய்ப்பால் சொதி அவன் கைக்கு வந்த மாதிரி யார் கைக்கும் வராது, அதைச் சொல்லாமலிருந்தால் வாய் அழுகிவிடும். ஆனால் சமையலை விட அவனுக்குப் பெருமை பரிமாறலில்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி நடுவே நடந்தானென்றால், எந்த இலையிலும் வெள்ளை தெரியக் கூடாது. புதுசாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு அவன் சொல்லுகிற முதல் பாடம்: "வேணாம்னு சொல்லுதானா, அவனுக்குத்தான் முதல்ல போடு. இலையைக் கையால மறைச்சா விரலுக்கு நடுவுல ஊத்து. வாயி வேணாம்னு சொல்லும்டே, அது மரியாதைக்குச் சொல்லுதது. நீ போடாம போனா வீட்டுக்குப் போயி, சோறு போடத் தெரியாத பயலுவன்னு ஏசுவான்." ஐயோ, அது பொய்யும் இல்லையே! எத்தனை பந்தியில் உலகம்மையே இரண்டு கையையும் இலை மேல் விரித்து வேணாம் வேணாம் என்று சொல்லிவிட்டு, அவன் பிரதமனை ஊற்றினதும் குனிந்து வழித்துக் குடித்திருக்கிறாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே. கல்யாணம் ஆன புதிதில் குற்றாலிங்கம் வீட்டில் வயிறு காய்ந்தே கிடந்தாள். அந்த வீட்டில் யாருக்கும் ரெண்டாம் தரம் கேட்கத் தெரியாது. தோசை வேணுமா, வேணாம், சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பாட்டுக்குச் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இப்ப ஒரு தரம் கேப்பாவ, இப்ப கேப்பாவ என்று. ஒரு நாள் அழுதே விட்டாள். "நீதானே வேணாம்ன" என்று குற்றாலிங்கம் முழித்தார். நிஜமாகவே முழித்தார், மனுஷனுக்குப் புரியவே இல்லை. வேணாம் என்றால் வேணாம், வேணும் என்றால் வேணும். மூன்றாம் மாதம் அவள் அந்த வீட்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டு, "எனக்கு ரெண்டு தோசை வேணும்" என்று சத்தமாகச் சொன்னாள், அவர் எழுந்து போய்ச் சுட்டுக்கொண்டு வந்தார், ஓரம் கருகின தோசை. அந்தத் தோசைக்காரர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

தலைக்கு மேலே பனி நெறுநெறுத்தது. வந்துவிட்டார்கள். யாரோ ஓடுகிறார்கள், யாரோ நிற்கிறார்கள், பூட்ஸ் அமுங்குகிற சத்தம் காதுக்கு அருகிலேயே கேட்கிறது. நேகி நேற்று வகுப்பில் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டு உலகம்மைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது: புதைந்து கிடக்கிறவர்களுக்கு மேலே பேசுவது கேட்கும், ஆனால் அவர்கள் கத்துவது மேலே கேட்காது. சுருதி அதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அப்பாவை நினைத்திருப்பாள். உலகம்மையும் அவரைத்தான் நினைத்தாள், ஆனால் இன்னொன்றையும் நினைத்தாள்: இதைச் சொல்ல இமயமலைக்கு வர வேண்டுமா, நான் நாற்பத்திமூணு வருஷமா அப்படித்தானே கெடக்கேன். பி.எட். படிக்கப் போகிறேன், இப்போது கல்யாணம் வேணாம் என்றாள். பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள். சிவப்புப் பட்டு வேணாம் என்றாள். சும்மா சொல்லுதா, எடுங்க என்றார்கள். அந்தப் பட்டு இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. கல்யாணத்துக்குக் கிடைத்த மனுஷர் தங்கமாக இருந்துவிட்டார், அது அவர்கள் யாருடைய சாமர்த்தியமும் இல்லை, தப்பித் தவறி நடந்தது. இன்றைக்குப் புதைந்து கிடப்பதற்கு ஆள் வேணும் என்று நேகி கேட்டபோதும் அதே கதைதான். "உலகம் வேணாம், அவளுக்கு மூச்சு முட்டும்" என்றான் அண்ணன். அவளுக்காக அவன் வேணாம் சொல்லுகிறான்! அவன் சொன்ன வேணாம் உடனே செல்லுபடியாகிறது, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் எழுந்து, நான் போறேன் என்றாள். இப்போது இடுப்பு கடுக்கிறது. மூக்கு நுனி இருக்கிறதா என்று நாக்கை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, கிடக்கட்டும்.

போன வருஷம் இந்த மலைக்கு வந்தது மூன்று பேர்தான். அவள், குற்றாலிங்கம், ஆவுடையப்பன். சுருதிக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. அதனால்தான் நடந்தது தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர், இவள் ஒருத்தி, மேலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் இன்னொருத்தன். கடைசி டீக்கடையைத் தாண்டி ஒரு சரிவு. அதைக் குறுக்கே கடந்தால் கணவாய் தெரியும் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரி பூராவும் புதுப்பனி. அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது, சரிவின் மேல்பக்கத்திலிருந்து சின்னச் சின்ன உருண்டையாகப் பனி தானாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்ன சாஸ்திரம் தெரியும், ஒன்றும் தெரியாது. இது சரியில்லை என்று பட்டது, அவ்வளவுதான். கால் வைக்கிற இடத்தில் தம் என்று ஒரு சத்தம், பெரிய அண்டாவைத் தரையில் இறக்கி வைத்த மாதிரி, பனி ஒரு விரல்கடை கீழே இறங்கிற்று. அவர் முன்னால் போய்ச் சரிவின் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். தூரம், காற்று, அவருக்குக் கேட்காது. அண்ணன் பக்கத்தில் இருந்தான். அவள் சொன்னாள். "அண்ணே, வேணாம். திரும்பிருவோம்." சொன்னாள். அவன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தான். "ஏளா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு? நடளா." அவள் மறுபடியும் சொன்னாள், "வேணாம்ணே." அங்கேயிருந்து அவர் கையை ஆட்டி என்ன என்று கேட்டார். அண்ணன் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினான். "சரின்னுட்டா மாப்ளே! நீங்க நடங்க, அவ வாரா!"

சரின்னுட்டா. அவள் சொல்லாத வார்த்தை. அவள் வாயிலிருந்து பிடுங்கி, கழுவி, வேறு ஒன்றாக ஆக்கி, அவருடைய இலையில் போட்டான். வேணாம் என்றால் வேணாம் என்று எடுத்துக்கொள்கிற ஒரே மனுஷர் உலகத்தில் அவர்தான், அவர் காதுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்திருந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பி வந்திருப்பார், கருகின தோசையைச் சுட்டு எடுத்து வந்த மாதிரி நேராக வந்திருப்பார். அவள் சரி என்றாள் என்று நம்பித்தான் கால் எடுத்து வைத்தார். அந்த நம்பிக்கையோடேயே போனார். அதற்குப் பிறகு மேலே ஒரு கோடு விழுந்ததும், சரிவு முழுசும் பாயை உருவின மாதிரி நகர்ந்ததும், அவள் கத்தினதும்... வேணாம், அதை நினைக்க வேணாம். அண்ணன் தோண்டினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். மண்வெட்டி கிடையாது, இந்தப் பெட்டி கிடையாது, வெறும் கையால் நகம் பிய்ந்து ரத்தம் வழியத் தோண்டினான், எங்கே தோண்டுகிறோம் என்று தெரியாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகத் தோண்டினான். டீக்கடை ஆட்கள் கம்போடு வந்து குத்திப் பார்த்துத்தான் சாயங்காலம் எடுத்தார்கள். ஊரில் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்தவர்கள் கட்டுப் போட்ட அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தங்கச்சி புருஷனுக்காக இப்படி ஒரு மனுஷனா என்றார்கள். அவன் கை, அவன் கண்ணீர், அவன் மாப்ள. மூலையில் உட்கார்ந்திருந்தவளிடம் விதி என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். சவத்து மூதி, விதிக்கு வாய் இருந்ததே, சரின்னுட்டான்னு கத்தினதே அந்த வாய், அது உங்களுக்குக் கேக்கலையா?

மேலே இருந்து சுருதியின் குரல் நன்றாகவே இறங்கி வந்தது. "மாமா, எனக்கு இந்தப் பக்கம் காட்டுது. நீங்க அங்கன என்ன பண்ணுதீங்க?" "நான் இங்கன பாக்கேன் மருமவளே, நீ அங்கன பாரு." பூட்ஸ் அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது. "இப்ப இந்தப் பக்கம் காட்டுது! என்ன எளவு இது, சுத்திச் சுத்தி வருது." பால்துரை தனக்கும் அப்படித்தான் என்கிறார். உலகம்மை நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே அவள் மூச்சுப் பட்டுப் பட்டுப் பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்து அப்படியே நின்றது. பயமா? கொஞ்சம் பயம்தான். பயத்தைத் திட்டினால் அது ஒதுங்கிப் போகிறது என்பதை ஒரு வருஷமாகக் கண்டுபிடித்திருக்கிறாள், ராத்திரி எல்லாம் படுக்கையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துத் திட்டுவாள். இப்போதும் திட்டினாள். ஆனால் திட்டு எங்கே போனாலும் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு அந்த வேணாம் எந்தக் குரலில் வந்தது? அதுதான். அதுதான் முள். இலையை மறைத்துச் சொல்கிற வேணாமா அது, கொஞ்சம் குழைவு இருந்ததா, ஒரு சிரிப்பு ஒட்டியிருந்ததா? அண்ணன் மனம் கோணக் கூடாது, ஆசையாகக் கூட்டி வந்தவன் என்று ஓரத்தில் ஒரு இழுப்பு? குழிக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வேணாம். வேணாம்ணே. வேணாம்... எப்படிச் சொன்னாலும் அன்றைக்குச் சொன்னது போலவும் இருக்கிறது, பந்தியில் சொன்னது போலவும் இருக்கிறது. சே! குரலைத் தூக்கிப் போட்டு எடை பார்க்க வேண்டியவள் நானா? கேட்டவன் அல்லவா பார்த்திருக்க வேண்டும்! செத்தவர் பெண்டாட்டி ராத்திரி ராத்திரியாகத் தன் தொண்டையைச் சோதித்துக்கொண்டு கிடக்கிறாள், அவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான்.

நேற்று மட்டும் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. இந்தப் பயிற்சியே அவன் ஏற்பாடுதான், மாப்ள ஞாபகமா என்று எல்லாரிடமும் சொல்லிக் குழுவைக் கிளப்பினான், சுருதி நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், மகளைத் தனியாக விட மனசில்லாமல் உலகம்மையும் ரயில் ஏறினாள். நேற்று நேகி ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாள். எந்தச் சரிவுக்கு முன்னாலும் எல்லாரும் நிற்க வேண்டும். ஒவ்வொருவராகப் போகலாமா என்று கேட்க வேண்டும், அதுவும் வயதில் சின்னவரிலிருந்து ஆரம்பித்து. பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுவார்களாம். ஒரு ஆள் வேண்டாமென்றால் மொத்தப் பேரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. உலகம்மை கையை மடியில் அழுத்திக்கொண்டு கேட்டாள். அப்புறம் நேகி ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். சுருதி சொன்னாள். "அன்னைக்கு யாராவது வேண்டாம்னு சொன்னாங்களான்னு கேக்காங்க மாமா." அவன் கையில் முறுக்கு டப்பா. வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து ஆள் ஆளாக முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தான், நேகி பெட்டியின் விசையை எப்படித் திருப்புவது என்று காட்டும்போதுகூட, "மேடத்துக்கு ரெண்டு குடுங்க" என்று பால்துரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். டப்பாவை மூடினான். உலகம்மையைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. யாரும் சொல்லல. எல்லாரும் சரின்னுதான் போனோம்." அதைச் சுருதி இந்தியில் சொன்னாள். பெற்ற மகள், தன் அப்பன் சாவைப் பற்றிய பொய்யைத் தன் வாயாலேயே மாற்றிச் சொன்னாள், அது பொய்யென்று தெரியாமல். நேற்று ராத்திரி கனத்த ரஜாய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு சுருதி கேட்டாள். "உனக்குக்கூடவா தோணலம்மா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பா திரும்பியிருப்பாருல்லா. நீ சொன்னா கேப்பாரே அவரு." கேப்பாரே! கேப்பாருட்டி, கேப்பாரு! உலகம்மை போர்வை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். தான் சொன்னால் என்ன ஆகும், அம்மாவுக்குத் துக்கத்துல அப்படித் தோணுது என்பான் அவன், தலையைத் தடவிக் கொடுப்பான். இன்னொரு வேணாம், அதன் மேல் இன்னொரு கரண்டி. இல்லை, அவன் வாயால் வர வேண்டும். பிடுங்கினவன்தான் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் மகள் ஆயுசுக்கும் இதையே நினைத்துக்கொண்டிருப்பாள், அம்மா பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள் என்று. நேற்று ராத்திரி சுருதி அவள் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுத்தாள்.

"எல்லார் பெட்டியும் மாமா நிக்க எடத்தையே காட்டுது" என்றது சுருதியின் குரல், இப்போது தலைமாட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி. கீழே கிடந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மூதி, விசையைத் திருப்பவில்லை! முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு விசை எங்கே தெரியும்? எல்லாரும் கேட்கிற பக்கம் திருப்பிவிட்டார்கள், அவன் பெட்டி மட்டும் இன்னும் நான் இங்கே இருக்கேன், நான் இங்கே இருக்கேன் என்று கூவிக்கொண்டு திரிகிறது. புதைந்து கிடக்கிறவளை விட்டுவிட்டு எல்லாரும் அவனைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்துவிட்டது உலகம்மைக்கு, சிரிப்பென்றால் சிரிப்பு, வயிறு குலுங்கக் குலுங்கக் கண்ணீர் வந்தது. அன்றைக்குத் துட்டி வீட்டிலும் இதேதான், இன்றைக்குப் பனிக்குழியிலும் இதேதான். யார் செத்தாலும் எல்லார் அம்பும் இவன் பக்கம்தான் திரும்பும். சிரிப்பு நின்றபோது மூச்சு கனத்திருந்தது. காற்றுக் குறைகிறதா, நினைப்பா? நீலம் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. அவருக்கு இந்த நீலம் தெரிந்திருக்குமா? மேலே அண்ணன் தோண்டுகிற சத்தம் கேட்டிருக்குமா, தள்ளி, இன்னும் தள்ளி, தப்பான இடத்தில்? அவர் மேலே பார்த்து எதையாவது சொல்லியிருப்பாரா? விரல் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. அமுக்கி ஒரு வேணாம், திறந்துவிடுவார்கள். அவர் போன பிறகு சொன்ன வேணாம்களிலேயே சொன்னபடி நடக்கப்போகிற ஒரே வேணாம் கைக்குள் இருக்கிறது, அதுவும் தமிழ் தெரியாத ஒருத்தி காதுக்கு. அமுக்கவில்லை. அமுக்கினால் அவன் பெட்டிக் கதை அமுங்கிப் போகும், பார்த்தியா நான் அப்பவே சொன்னேன் அவளுக்கு மூச்சு முட்டும்னு என்பான். கண்டுபிடிக்கட்டும். சுருதி கண்டுபிடிக்கட்டும்.

பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது. காற்று மட்டும். பிறகு சுருதி, மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், ஆனால் பனிக்குத் தெரியுமா அதெல்லாம், அப்படியே கொண்டுவந்து காதில் போட்டது. "மாமா. நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு அம்மா ஒண்ணுமே சொல்லலையா?" உலகம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எதுக்குட்டி அது, தேடு." "நேத்து நீங்க அம்மா மொகத்தப் பாக்காம சொன்னீங்க." "தேடுட்டி, உங்கம்மா உள்ள கெடக்கா." "சொன்னாங்களா, இல்லையா?" சொன்னேன்! கத்தினாள் உலகம்மை. சொன்னேன்ட்டி, ரெண்டு தரம் சொன்னேன், சொன்னேன்! கத்தல் முகத்துக்கு முன்னாலேயே செத்து விழுந்தது, மூச்சுத்தான் புகையாகப் பனியில் ஒட்டியது. மேலே பனி ஒரு தடவை நெறுநெறுத்தது, அவன் கால் மாற்றி நின்றிருப்பான். அப்புறம் சுருதியின் குரல் வேறு மாதிரி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு. "பெட்டியக் காட்டுங்க. உங்க பெட்டியக் காட்டுங்க மாமா. இது இன்னும் அனுப்பிக்கிட்டுல்லா இருக்கு! இம்புட்டு நேரமா நாங்க உங்களையா தேடிக்கிட்டு இருந்தோம்?" டக் என்று ஒரு விசை. அடுத்த நிமிஷம் பூட்ஸ் எல்லாம் ஒரே திசையில் ஓடி வந்தன. "இங்க! இங்க! இங்கதான் நேரா கீழ!" மண்வெட்டி விழுந்தது.

கட்டி பெயர்ந்தபோது வெளிச்சம் கண்ணில் குத்தியது. முதலில் முகத்துக்கு முன்னால் இருக்கிற பனியை எடுக்க வேண்டும், மூச்சு விட வழி பண்ண வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும் என்று நேகி சொல்லிக்கொடுத்திருந்தாள். சுருதி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலால் அம்மாவின் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். "பேரு சொல்லுங்க." "உலகம்மை." "எங்க இருக்கீங்க?" "இங்கனதான்ட்டி இருக்கேன், இவ்வளவு நேரமும் இங்கனதான் இருந்தேன்." கையைக் கொடுத்து இழுத்து உட்கார்த்தினார்கள். பல் தந்தியடித்தது, கால் தன் கால் மாதிரியே இல்லை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆவுடையப்பன் வந்துவிட்டான். பிளாஸ்க். எங்கே போனாலும் பிளாஸ்க். மூடியில் ஊற்றினான், இஞ்சி வாசமும் ஏலக்காய் வாசமும் ஆவியோடு மேலே வந்தது. அந்தக் குளிரில் அந்த டீக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். "குடிளா, குடி." "வேணாம்" என்றாள் உலகம்மை. "சும்மா குடிளா, நடுங்குத பாரு, கொஞ்சம் போல..." மூடியை உதட்டருகே கொண்டுவந்தான், இன்னொரு கை அவள் பிடரியைத் தாங்கிக்கொண்டது. பந்தியில் ஆயிரம் பேருக்குப் பழகின கை. அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள். "நான் வேணாம்னு சொன்னேன்."

கத்தவில்லை. குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனால் அதில் குழைவு கிடையாது, சிரிப்பு கிடையாது, ஓரத்தில் எந்த இழுப்பும் கிடையாது. அவளுக்கே அது கேட்டது. அன்றைக்கும் இதே குரல்தான். ஒரு வருஷமாகத் தேடினது தொண்டையிலேயே இருந்தது, இதேதான், ஐயோ, இதே குரலில்தான் சொன்னேன். அண்ணனுக்கும் அது கேட்டுவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. மூடியிலிருந்த டீ தளும்பி அவன் விரலில் வழிந்தது, சுட்டிருக்கும், அவன் கையை எடுக்கவில்லை. "சொன்ன" என்றான் ஆவுடையப்பன். அப்புறம் சுருதி பக்கம் திரும்பாமல், பனியைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கும் சொன்ன. ரெண்டு தரம் சொன்ன. நாந்தான் மாப்ளகிட்ட... சரின்னுட்டான்னு நாந்தான் கத்துனேன். நேத்து பொய் சொன்னேன் மருமவளே."

நேகிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று சுருதியின் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல அவள் மாற்றிச் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு நின்றாள். சுருதி சொல்லவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கையில் அம்மாவின் தொப்பி, அதிலிருந்த பனியை உதிர்த்துக்கொண்டே இருந்தாள், பனியெல்லாம் போன பிறகும் உதிர்த்தாள். அவள் மாமாவைப் பார்த்த பார்வையை உலகம்மை பார்த்தாள். அந்தப் பார்வையை இத்தனை மாதமும் தான் ஒருத்தியே சுமந்தது நினைவுக்கு வந்தது. ஒன்றும் ஆறவில்லை. ஆறும் என்று எவன் சொன்னான்? நெஞ்சுக்குள் அது அப்படியேதான் எரிந்தது, ஆனால் இப்போது அது அவளுடைய தொண்டையைச் சுடவில்லை, எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது. சுருதி குனிந்து தொப்பியை அம்மாவின் தலையில் வைத்து, காதை மூடி இழுத்துவிட்டாள். "அம்மா" என்றாள், "டீ வேணுமா, வேணாமா?" அப்படி ஒருத்தர் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"வேணும்" என்றாள் உலகம்மை. "அவன் கையால வேணாம்."

ஆவுடையப்பன் பிளாஸ்க்கைப் பனியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். சுருதி அதை எடுத்து ஊற்றினாள்.